இடப்பக்கம் மந்தம்

“இடப்பக்கம் மந்தம்” என்றார் வைரவன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த கிளாடிஸின் முகம் சுண்டிப்போனது. ஜன்னலோரம் கேபிள் சுற்றிக்கொண்டிருந்த தமயந்தி டீச்சர் மட்டும் கையை நிறுத்தவில்லை.

“மந்தம்னா எப்படி சார்?” என்று கிளாடிஸ் கேட்டாள்.

“ட்ரெபிள் இல்லை, மேல் ஸ்தாயி சத்தமே வரலை. ஜால்ரா வலது பக்கம் மட்டும்தான் கேக்குது. இடது பக்கம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு.”

“ரெண்டு பக்கத்தையும் அளந்து பார்த்துத்தான் சார் கொண்டு வந்தேன். கிராஃப்ல கோடு மேல கோடு உட்காருது.”

“கோடு பாட்டு கேக்காதும்மா.”

வாயைவிட்டுப் போன ஒரு வார்த்தைக்கு முட்டுக்கொடுக்க இன்னொரு வார்த்தை. எத்தனை வயதானாலும் இந்த விஷயத்தில் மட்டும் மனிதனுக்குப் புத்தி வருவதில்லை. வைரவன் இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அந்த அறை சென்னையில் ஒரு சந்துக்குள், இரண்டாவது மாடியில் இருக்கிறது. வாசலில் பலகை கிடையாது. விலை கூடின இன்-இயர் போன்களை வாங்கியவர்களும் செய்கிறவர்களும் விசாரித்துக்கொண்டு வந்து சேருவார்கள். எந்த இயர்போனுக்கு எந்தப் பிளேயர், சத்தத்தைப் பெருக்க எந்த ஆம்ப் என்று சேர்த்து வைப்பதுதான் அங்கே வேலை. காதில் செருகுகிற சாமானுக்கெல்லாம் ஜாதகப் பொருத்தமா என்று சிரிக்கிறவர்கள் ஒருமுறை வந்து கேட்டுப் பார்க்கலாம். விலை ஏற ஏற இந்த இயர்போன்களுக்குக் கொழுப்பும் ஏறும். ஒரு ஆம்பில் செருகினால் தேனாய்ப் பாடும். அடுத்ததில் சளி பிடித்தவன் பேசுவதுபோல் இருக்கும். மூன்றாவதில் பாட்டு தொடங்கும் முன்பே ‘உஸ்’ என்று இரைச்சல்தான் வரும்.

அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் கேட்கிறவர் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்பைச் சொல்லிவிட வேண்டும். யோசித்து மெருகேற்றிச் சொல்லக் கூடாது. சொன்ன தீர்ப்பை டீச்சர்கூட மாற்ற மாட்டார். மாற்றுவதானால் சொன்னவரே மாற்ற வேண்டும்.

தமயந்தி டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவர் இல்லை. கேட்கக் கற்றுக்கொடுப்பதால் டீச்சர் என்று பேர் நிலைத்துவிட்டது. சிஷ்யர் வைரவனுக்கு ஐம்பத்து நாலு. இவர் அவரை டீச்சர் என்பார், அவர் இவரை சார் என்பார்.

வைரவன் ரெக்கார்டிங் தியேட்டரில் காலம் தள்ளியவர். தனக்கென்று ஒரு ஆம்ப் வாங்கத்தான் முதன்முதலில் அந்த மாடி ஏறினார். டீச்சர் ஒரே இயர்போனை இரண்டு ஆம்பில் மாற்றி மாற்றிச் செருகிக் கொடுத்து, எது நல்லது என்று கேட்டார். “ரெண்டாவதுதான், சந்தேகமே இல்லை, குரல்ல உயிர் இருக்கு” என்று வைரவன் ஒரு பிரசங்கமே செய்தார். டீச்சர் முதல் ஆம்பின் குமிழை ஒரு முடியளவு திருப்பினார். உயிர் இந்தப் பக்கம் வந்துவிட்டது. கொஞ்சம் சத்தம் கூடியதைத்தான் நல்லது என்று நினைத்து இவ்வளவு பேசியிருக்கிறோம் என்று வைரவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கு ஆம்ப் வாங்காமல் இறங்கிப் போனவர் மறுநாள் கற்றுக்கொள்ள வந்தார். இப்போது அந்த அறையில் முதலில் கேட்கிறவர் அவர்தான்.

கிளாடிஸ் மார்த்தாண்டத்துக்காரி. வீட்டு மாடியில் தனி ஆளாக உட்கார்ந்து இன்-இயர் செய்கிறாள். ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் அரிசி மணி அளவில் சத்தம் எழுப்பும் எட்டு டிரைவர்கள், அவற்றை இணைக்க மயிரிழை மாதிரிக் கம்பி. அதற்கு முன் காது கேட்கும் கருவி விற்கிற கடையில் இருந்தாள். டீச்சரின் அறையில் பாஸாகி வந்தால் விற்பனைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று பெங்களூர்க் கடை ஒன்று அவளிடம் சொல்லியிருந்தது. இல்லையென்றால் பட்டறையை மூடிவிட்டுப் பழைய கடைக்கே போவதென்று அவள் முடிவு செய்திருந்தாள். காலையில் டீ குடிக்கும்போது இதையெல்லாம் அவளே வைரவனிடம் சொன்னாள். அவரும் “கவலைப்படாதம்மா” என்றுதான் சொல்லியிருந்தார்.

இப்போது அவளைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

ஏனென்றால் மந்தம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பங்குனியில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அவர் இடது காதையும் பாதி கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும். ஜால்ராவின் கிணுகிணுப்பு, பாடுகிறவர் மூச்சிழுக்கும் சத்தம், இதெல்லாம் கேட்காது. நரம்பு போயிற்று, இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைரவன் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவன் காது போயிற்று என்று யாரிடம் சொல்வது?

சொல்லாமல் சமாளிக்க ஒரு வழியும் கண்டுபிடித்தார். திருச்சி இத்ரீஸ் செய்து அனுப்பும் ஆம்பின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதை மேலே தள்ளினால் ஆம்புக்குள் இருக்கும் மின்தடை கூடும். பல டிரைவர் வைத்த இயர்போன்களில் சத்தத்தின் சுபாவமே அதனால் மாறும். சிலவற்றில் பேஸ் இளைத்து ட்ரெபிள் கூர்மையாகும். அப்படிக் கூர்மையானால் வைரவனின் இடது காதுக்கும் கொஞ்சம் எட்டும். அவ்வளவுதான், வருகிற செட்டையெல்லாம் அந்த ஆம்போடு, சுவிட்ச் மேலே வைத்து ஜோடி சேர்க்க ஆரம்பித்தார். ஒருத்தர் போன் செய்து “காது கூசுது சார்” என்றார். “பழகினா சரியாயிடும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்றைக்கு சுவிட்ச் மேலே இருந்தும் எட்டவில்லை. காது இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது. திடுக்கிட்டுப்போய், இருந்ததை இருந்தபடி வாய் சொல்லிவிட்டது.

டீச்சர் கேபிளை வைத்துவிட்டு எழுந்து வந்தார். இயர்போனை எடுத்துத் தன் காதுகளில் செருகினார். அதே பாட்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்படி அந்த அறைக்கென்றே பதிவு செய்த ஒரு தாலாட்டு, பின்னால் ஜால்ரா. கண்ணை மூடாமல் முழுவதும் கேட்டார். வைரவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்திலிருந்து ஒரு சங்கதியும் கறக்க முடியவில்லை.

டீச்சர் ஆம்பைத் திருப்பிப் பார்த்தார்.

“சுவிட்ச் மேல இருக்கே சார்.”

“இந்த செட்டுக்கு அதுதான் பொருத்தம்.”

“போன வாரம் வந்ததுக்கும் மேலதான் இருந்துச்சு.”

“அதுக்கும் அதான் பொருந்துச்சு டீச்சர்.”

“ம்.”

வைரவன் சுவிட்சிலிருந்து கண்ணை எடுத்தார்.

“எந்தப் பக்கம் மந்தம்னு சொன்னீங்க?”

“இடது.”

டீச்சர் இயர்போனிலிருந்து இரண்டு கம்பிகளையும் கழற்றினார். இடது கம்பியை வலது காதுத் துண்டிலும், வலது கம்பியை இடது துண்டிலும் மாற்றிச் செருகினார். ஆம்பின் இடது பக்கத்திலிருந்து வருகிற சத்தம் இனி வலது காதுக்குப் போகும்.

“இப்பக் கேளுங்க.”

இதன் அர்த்தம் அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். மந்தம் வலது காதுக்குத் தாவினால் கோளாறு ஆம்பில். இடது காதிலேயே நின்றால் கோளாறு கிளாடிஸ் செய்த துண்டில். அதுவும் இல்லையென்றால் கேட்கிறவர் காதில். அந்த மூன்றாவதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

வைரவன் செருகிக்கொண்டார். தாலாட்டு தொடங்கியது. வலது காதில் ஜால்ரா பளிச்சென்று விழுந்தது. இடது காதில் போர்வை அப்படியே கிடந்தது.

கிளாடிஸ் இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். விரல் நுனிகளில் சூடு பட்ட தழும்புகள். இடது என்று சொன்னால் இந்தப் பெண் இப்படியே பஸ் ஏறி ஊருக்குப் போவாள். உண்மையைச் சொன்னால் இனி இந்த மாடிக்குத் தனக்கு என்ன வேலை? யாருக்கும் கெடுதல் இல்லாமல் ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. ஆம்பு என்பது வெறும் பெட்டி. அதற்கு வாயுமில்லை, வயிறுமில்லை.

“இப்ப வலது பக்கம் மந்தமா இருக்கு” என்றார்.

கிளாடிஸ் மூச்சு விட்டாள். விட்ட வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“உயிர் போய் உயிர் வந்துச்சு சார்.”

“கேபிள் புதுசு. காலையில நானே பார்த்தேன்” என்றார் டீச்சர். “அப்ப ஆம்ப்தான்.”

“ஆமா டீச்சர்.”

“நல்லா கேட்டுட்டீங்களா?”

“கேட்டுட்டேன்.”

“அதுதான் தீர்ப்பா?”

“அதுதான்” என்றார் வைரவன்.

டீச்சர் தலையாட்டினார். மறுபடி தன் காதில் செருகிக் கேட்கவில்லை. வைரவனுக்கு அதுதான் உறுத்தியது. அவர் ஒருமுறை செருகிப் பார்த்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

“கிளாடிஸ், இத்ரீஸுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லிடுங்க. அவரோட ஆம்பை இனிமே இந்த ரூம்ல வைக்கிறதில்லைன்னு.”

கிளாடிஸின் சிரிப்பு அடங்கியது.

“நானா டீச்சர்?”

“உங்களுக்குத்தானே பழக்கம்.”

“அவருதான் எனக்கு சாலிடரிங்கே சொல்லிக்கொடுத்தாரு. முதல் செட்டு நாலு தடவை கருகிச்சு. நாலு தடவையும் திருச்சியில இருந்து வந்து உட்கார்ந்து பிரிச்சுக் கொடுத்தாரு.” அவள் ஆம்பைப் பார்த்தாள். “இந்த ரூமை நம்பித்தான் டீச்சர் அவரும் இருக்காரு. இங்க வேணாம்னு ஆயிட்டா அப்புறம் அவர்கிட்ட யாரு வாங்குவா?”

“தெரியும். ஆனா சார் கேட்டுட்டாரே.”

கிளாடிஸ் வைரவனைப் பார்த்தாள். “இன்னொரு வாட்டி கேட்டுப் பார்க்கிறீங்களா சார்?”

வைரவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டிக்கு வாய் இல்லை என்று நினைத்தோமே, அதைச் செய்தவனுக்கு இருக்கிறதே என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்ரீஸை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஒவ்வொரு ஆம்பையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு கைக்குட்டை கட்டி அனுப்புகிற ஆள் என்று மட்டும் தெரியும்.

கிளாடிஸ் போனை எடுத்தாள். இத்ரீஸின் எண்ணைத் தேடி அழுத்தினாள். பிறகு மணி போயிற்று. போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

ஒரே மணியில் எடுத்துவிட்டார். காத்துக்கொண்டே இருந்திருப்பார் போலிருக்கிறது.

“சொல்லும்மா கிளாடிஸ். என்னாச்சு, பாஸா?”

கிளாடிஸ் வாயைத் திறந்தாள். மூடினாள்.

“ஏம்மா பேசமாட்டேங்கிற? வேணாம்னுட்டாங்களா? சரி விடு. மனசை விட்டுடாத. என்ன குறைன்னு மட்டும் கேட்டுட்டு வா, நான் ஞாயித்துக்கிழமை வர்றேன். ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.”

கிளாடிஸ் டீச்சரைப் பார்த்தாள். அவர் வைரவனைக்கூடப் பார்க்கவில்லை, சுற்றி வைத்த கேபிளுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே” என்றாள் கிளாடிஸ். “என் செட்டு பாஸ். ஆனா உங்க…”

வைரவனின் கை தானாக நீண்டு போனை எடுத்தது.

“இத்ரீஸ், நான் வைரவன் பேசறேன்.”

“சார், வணக்கம் சார்.”

“கிளாடிஸ் செட்டு நல்லா இருக்கு.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“உங்க ஆம்பும் நல்லா இருக்கு. ரெண்டுலயும் ஒரு குறையும் இல்லை.” தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கு இடது காது போயிடுச்சு இத்ரீஸ். பங்குனியில இருந்து.”

போனில் பின்னால் திருச்சித் தெருவில் ஒரு வண்டி போனது கேட்டது.

“டாக்டர்ட்ட காட்டினீங்களா சார்?” என்று இத்ரீஸ் கேட்டார்.

“காட்டினேன். வராதாம்.”

“அல்லா இருக்கான் சார். உடம்பைப் பார்த்துக்குங்க.”

வைரவன் போனை வைத்தார். தலை நிமிர்ந்தபோது கிளாடிஸ் எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

“காலையில இருந்து வயித்துல நெருப்பைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கேன் சார். நீங்க இடது மந்தம்னு சொன்னப்ப, மூணு மாசமா நான் என்ன தப்பு பண்ணேன்னு ஒவ்வொரு கம்பியா நெனச்சுப் பார்த்துட்டிருந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே சும்மா இருந்தீங்க.”

“ஆமாம்மா.”

“அப்புறம் எங்க அண்ணன் தலையில போட்டீங்க.”

“ஆமா.”

“காது கேக்காதவங்களோட ஆறு வருஷம் வேலை பார்த்தவ சார் நான். சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேனா?”

அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். சொல்லாமல் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடித்தாள், மூடியை மூடினாள், பிறகு அதே பாட்டிலை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். வைரவன் அதைத் தொடவில்லை.

“டீச்சர்” என்றார். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“எனக்குத் தெரிஞ்சது இருக்கட்டும். சுவிட்ச் மேல வச்சு எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?”

“காய்ச்சலுக்கு அப்புறம் வந்த எல்லாருக்கும்.”

“காது கூசுதுன்னு யாராவது சொன்னாங்களா?”

“ஒருத்தர்.”

“என்ன சொன்னீங்க?”

“பழகிடும்னு.”

டீச்சர் தன் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“அவர்ல இருந்து ஆரம்பிங்க.”

அவர்களில் யாருக்குமே பெரிய நஷ்டம் இல்லைதான். சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி கேளுங்கள் என்றால் தீர்ந்தது. ஆனால் ஏன் இறக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வைரவன் காரணம் சொன்னார். முதல் ஆளிடம் சொல்லும்போது குரல் உடைந்தது. நாலாவது ஆள் கோபக்காரர், கண்டபடி பேசினார். கூசுது என்ற அந்த முதல் ஆளோ, “அப்ப என் காது நல்லாத்தான் சார் இருக்கு, நான்தான் பயந்துபோய் டெஸ்ட் எடுத்துட்டு வந்தேன்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வைரவனை எல்லாவற்றையும்விட அறுத்தது. தன்னை அறியாமலே தன் பயத்தை ஒரு மனிதருக்குக் கொடுத்திருக்கிறார்.

எல்லாரிடமும் பேசி முடித்து போனை டீச்சரிடம் கொடுத்தார். மூலையில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“கிளம்பறேன் டீச்சர்.”

“எங்க சார்?”

“வீட்டுக்கு. வீட்ல இன்னும் சொல்லலை.”

“சொல்லுங்க. அதுக்கு முன்னாடி கிளாடிஸ் செட்டுக்கு ஆம்ப் சேர்க்கணுமே. பெங்களூர்க்காரங்க அதையும்தான் கேப்பாங்க.”

“வேற ஆளைப் பாருங்க டீச்சர்.”

“ஏன்?”

வைரவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு கேட்ட பிறகும் தெரியாதவர்போல் ஏன் என்கிறாரே. வெளியே வந்த குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது.

“குறையுள்ள காதை வச்சுக்கிட்டு நான் என்ன தீர்ப்பு சொல்றது டீச்சர்?”

டீச்சர் ஆம்பைத் திருப்பி, சுவிட்சைக் கீழே இறக்கினார். எதிர் நாற்காலியை வைரவனுக்காக இழுத்துப் போட்டார்.

“இந்த ரூம்ல இப்ப ஆறு காது இருக்கு சார். என்ன குறைன்னு தெரிஞ்சது உங்க இடது காது ஒண்ணுதான். உட்காருங்க, மத்த அஞ்சையும் பார்ப்போம்.”